இனவெறி, நீதி, சினிமா பொழப்பு பத்தின படங்களைப் போட்டுக் காட்டினா ஸ்டூடன்ட்ஸ் நிஜமா என்ன எழுதுறாங்க?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவுல எங்கயோ புதுசா டிஏவா (டீச்சிங் அசிஸ்டன்ட், பேராசிரியருக்கு உதவியா கிளாஸ் பாத்து பேப்பர் திருத்துறவர்) சேந்து, படம் பாத்துட்டு ஸ்டூடன்ட்ஸ் எழுதுற ரெஸ்பான்ஸ் பேப்பரா படிச்சுப் படிச்சு எல்லாமே ஒரே மாதிரி இருக்கேன்னு சலிச்சுப் போய் கேட்டிருக்கார்னு வச்சுக்கிட்டு எழுதுறேன். "இந்தப் படங்களைக் காட்டுறதுல பிரயோஜனம் உண்டா, இல்ல மார்க்குக்காக நல்ல பிள்ளையா நாலு வரி எழுதிட்டுப் போயிடுவாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. பல வருஷமா இங்க ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில முதல்ல டிஏவா, இப்ப செமஸ்டர் காண்ட்ராக்ட்ல கிளாஸ் எடுக்குறவனா இதே வேலையைத் தான் பாத்துட்டு இருக்கேன், அதனால இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியல.

பிரயோஜனம் உண்டு. ஆனா "இந்தப் படம் உன்னை எப்படி பாதிச்சுது"ன்னு கேட்டீங்கன்னா போச்சு. அந்தக் காலத்துல ரொம்பக் கொடுமை, இப்ப நெலம மாறிடுச்சு, இன்னும் மாறணும், அவ்ளோ தான் வரும், முப்பது பேரும் அதையே எழுதுவாங்க. பொய்யா எழுதுறாங்கன்னு சொல்ல வரல, பாவம் அவங்க, கேட்டதுக்கு பதில் சொல்றாங்க. நான் கேக்குறது வேற. எந்த இடத்துல சிரிச்ச, எந்த இடத்துல உனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, யார் முகத்தை கேமரா உனக்குக் காட்டவே இல்ல. இந்த மூணு மட்டும் எழுது, அபிப்பிராயம் வேணாம்னு சொல்லிடுவேன்.

கருப்பின டைரக்டர் ஸ்பைக் லீயோட 'டூ தி ரைட் திங்' (1989) எடுத்துக்கோங்க. புரூக்ளின்ல பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் ஏரியா, கொளுத்துற வெயில் நாள், சால்னு ஒரு இத்தாலிய அமெரிக்கர் நடத்துற பீட்சா கடை. கடைசில சண்டை முத்தி, ரேடியோ ரஹீம்ங்குற பையனை போலீஸ்காரர் தடியால கழுத்தை அமுக்கிக் கொன்னுடுறார். அப்புறம் தான் அந்தக் கடைல வேலை பாக்குற மூக்கி குப்பைத்தொட்டியைத் தூக்கி கண்ணாடி மேல எறியுறான். "யார் முகத்தைக் காட்டல"ன்னு கேக்காம சும்மா எழுதச் சொன்ன வருஷங்கள்ல வந்த பேப்பர்ல எல்லாம் அந்தக் கண்ணாடி தான் இருக்கும். மூக்கி பண்ணது சரியா தப்பா, சால் பாவம் எவ்ளோ கஷ்டப்பட்டு கட்டின கடை, வன்முறை தீர்வாகுமா. ரஹீம் செத்தது அரை வரில வந்துட்டுப் போகும், சில பேப்பர்ல பேர் கூட இருக்காது, "ஒருத்தன் இறந்த பிறகு"ன்னு இருக்கும். மூக்கி ஏன் எறிஞ்சான்னு ஒரு கருப்பின ரசிகரும் தன்னைக் கேட்டதே இல்லன்னு ஸ்பைக் லீயே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். என் அனுபவம் அவ்ளோ நேர்க்கோடா இல்ல, சொந்தமா கடை வச்சிருக்குற கருப்பினக் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி சால் பக்கம் நின்னு நல்லா வாதாடி எழுதியிருக்கா, அதுக்கு முழு மார்க் போட்டேன். ஆனா அவ ரஹீம் பேரை எழுதியிருந்தா, கழுத்து நெறிபடும்போது அவன் கால் தரைல இருந்து மேல எழும்புறதைக் கவனிச்சு எழுதியிருந்தா. எனக்கு அது தான் வேணும். 2014ல ஸ்டேட்டன் ஐலண்ட்ல எரிக் கார்னர்ங்குற கருப்பினத்தவரை போலீஸ் கழுத்தைப் பிடிச்சு சாகடிச்ச வீடியோ வந்தப்புறம் இந்தக் காட்சி ஓடுறப்போ கிளாஸ்ல யாரும் போனைத் தொடுறதில்ல, அதையும் சொல்லணும்.

நீதி பத்தின படம்னா எல்லாரும் மொதல்ல எடுக்குறது 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962). நல்ல படம் தான், சண்டைக்கு வராதீங்க, கிரிகரி பெக் நடிப்பை நானும் ரசிச்சவன் தான். அதுல டாம் ராபின்சன்ங்குற கருப்பினத்தவருக்காக வாதாடின வெள்ளைக்கார வக்கீல் அட்டிகஸ், தீர்ப்பு வந்தப்புறம் தனியா வெளிய நடந்து போவார், கோர்ட் மாடில உக்காந்திருக்குற கருப்பின மக்கள் எல்லாரும் மரியாதைக்கு எழுந்து நிப்பாங்க. பாக்குறவங்களுக்கு கண்ணு கலங்கும். "எங்க நிம்மதியா இருந்துச்சு"ன்னு கேட்டா பாதிப் பேருக்கு மேல இந்த சீனைத் தான் எழுதுறாங்க. ஒரே ஒரு பேப்பர்ல, அரைப் பக்கம் தான் இருக்கும், ஒரு பையன் எழுதியிருந்தான்: இப்ப தான் டாம் ராபின்சன் செய்யாத குத்தத்துக்கு தண்டனை வாங்கிட்டு உள்ள போயிருக்கான், மாடில நிக்குறவங்க அவன் ஆளுங்க, அவங்களுக்கு அந்த நிமிஷம் அழுகை வராதா, ஆத்திரம் வராதா, ஏன் அவங்க எல்லாரையும் வக்கீலுக்காக நிக்க வச்சாங்க, அப்புறம் டாம் சாகுறதைக் கூட நாம பாக்கல, சேதியா தான் வருது. அதைப் படிச்சப்புறம் என்னால அந்த சீனைப் பழைய மாதிரி பாக்க முடியல.

அதுக்கு அடுத்த வாரம் 'ஜஸ்ட் மெர்சி' (2019) போடுவேன். காரணம் இருக்கு. அது நிஜக் கதை, செய்யாத கொலைக்கு மாட்டின வால்டர் மெக்மில்லியன்ங்குற கருப்பினத்தவரோட கேஸ். கொலை நடந்தது அலபாமாவுல மன்றோவில்ல, அந்த மாக்கிங்பேர்ட் நாவலை எழுதின ஹார்ப்பர் லீ பொறந்த அதே ஊர். கற்பனைக் கதையால பேர் வாங்கின ஊர்லயே நிஜக் கதை நடந்திருக்கு. 1987ல கைது, விசாரணை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே டெத் ரோல (மரண தண்டனைக் கைதிகளை வைக்குற ஜெயில் பகுதி) கொண்டு போய் அடைச்சாங்க, கொலை நடந்த நேரத்துல அவர் தன் வீட்டுல இருந்தார்னு பல கருப்பினத்தவர் சாட்சி சொல்லியும் எடுபடல, ஜூரி ஆயுள் தண்டனை போதும்னு சொன்னதையும் மீறி ஜட்ஜ் மரண தண்டனை கொடுத்தார். வக்கீல் பிரயன் ஸ்டீவன்சன் போராடி 1993ல தான் வெளிய கொண்டு வந்தார். "ஜூரி சொன்னதை ஜட்ஜ் மாத்தவெல்லாம் முடியாது, படத்துக்காக மிகைப்படுத்திட்டாங்க"ன்னு வருஷா வருஷம் யாராச்சும் எழுதுறாங்க. அலபாமால அப்ப சட்டப்படியே முடிஞ்சுது, 2017ல தான் அந்த அதிகாரத்தை எடுத்தாங்கன்னு நான் சொல்றப்போ அவங்க முகம் மாறும் பாருங்க, அதுக்காகவே இந்தப் படத்தைப் போடலாம். அவங்க நம்ப மறுத்தது சினிமாவை இல்ல, அவங்க நாட்டு சட்டத்தை.

இப்ப 'பாம்பூசில்ட்' (2000). இதுவும் ஸ்பைக் லீ தான். டிவி கம்பெனில வேலை பாக்குற கருப்பின ரைட்டர் ஒருத்தர், வேலையை விட்டுத் தூக்கட்டும்னு வேணும்னே கேவலமா ஒரு ஷோ எழுதுறார், பழைய மின்ஸ்ட்ரல் ஷோ மாதிரி (வெள்ளைக்காரங்க முகத்துல கரி பூசிக்கிட்டு கருப்பினத்தவரைக் கிண்டலடிச்சு ஆடின மேடை ஷோ), இதுல கருப்பின நடிகர்களே முகத்துல கரி பூசிக்கிட்டு தர்பூசணித் தோட்டத்துல ஆடுறது. அது சூப்பர் ஹிட் ஆயிடும். ஸ்டூடன்ட்ஸோட முதல் கம்ப்ளெயின்ட் எப்பவும் பிக்சர் குவாலிட்டி, "வீட்டு வீடியோ மாதிரி மங்கலா இருக்கு"ம்பாங்க. நான் உடனே எதுவும் சொல்றதில்ல. எந்தெந்த சீன் பளிச்சுனு இருக்குன்னு லிஸ்ட் போடச் சொல்வேன். போட்டுப் பாத்தா அந்த மின்ஸ்ட்ரல் ஷோ ஆட்டம் மட்டும் தான் பளிச்சுனு இருக்கும், ஏன்னா அது ஃபிலிம்ல எடுத்தது, நிஜ வாழ்க்கை சீன் பூரா சாதாரண மினி டி.வி. (MiniDV) வீடியோ கேமராவுல எடுத்தது. கண்ணு தானா அந்த ஷோவைத் தேடுது. அப்புறம் அந்த ஷோவுல ஆடுற சாவியன் க்ளோவரோட டேப் டான்ஸ் (ஷூவால தரையைத் தட்டித் தாளம் போடுற ஆட்டம்) இருக்கே, கால் பேசும், கரி பூசின முகத்தோட அவர் ஆடுறப்போ கிளாஸ்ல சிரிப்பு வரும், தாளம் போடுவாங்க, அதுக்கு முன்னாடி தான் கார்க்கை எரிச்சு, பொடிச்சு, தண்ணி விட்டுக் குழைச்சு, கண்ணாடி முன்னாடி நின்னு பூசுறதைக் கிட்டத்துல காட்டியிருப்பாங்க. "எங்க சிரிச்ச"ங்குற கேள்விக்கு இந்தப் படத்துக்கு வர்ற பதில் தான் நான் படிச்சதுலயே நேர்மையான எழுத்து. ஒரு பொண்ணு எழுதியிருந்தா, சிரிக்கலாமான்னு பக்கத்துல இருந்த பிளாக் ஃபிரெண்டைத் திரும்பிப் பாத்தேன், அவளும் அதே நேரம் என்னைப் பாத்தா, ரெண்டு பேரும் அப்புறம் சிரிக்கலன்னு.

ஹாட்டி மெக்டேனியல் கதையையும் இதோட சொல்வேன். ஆஸ்கர் வாங்கின முதல் கருப்பினக் கலைஞர், வேலைக்காரி ரோலுக்கு, 1940 விழா அன்னிக்கு அவங்களைத் தனியா ஒரு ஓரத்து டேபிள்ல உக்கார வச்சாங்க. "ஆனாலும் கொடுத்தாங்கல்ல"ன்னு எழுதுறவங்க இருக்காங்க. அவங்களை நான் திட்டுறதில்ல, அந்த டேபிள்ல இருந்து மேடை வரைக்கும் அவங்க நடந்து வந்ததை யார் இடத்துல இருந்து பாக்குறன்னு மட்டும் மார்ஜின்ல எழுதுவேன்.

"நீ இந்தியன், உனக்கு இதுல என்ன வந்துச்சு"ன்னு கமென்ட்ல வருவீங்கன்னு தெரியும். வீக்எண்ட் பார்ட்டில நம்ம ஆளுங்களே கேட்டாச்சு, "அந்த ஏரியா பக்கம் வீடு பாக்காதே"ன்னு சொல்ற அதே வாயால. மூளைச்சலவைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு தான், நான் அபிப்பிராயத்துக்கு மார்க் போடுறதே இல்ல, பாத்ததுக்குத் தான். நம்ம ஊர் சாதியைப் பத்திப் பேசுன்னா அதுவும் பேசணும், தனியா கேள்வி போடுங்க, எழுதுறேன்.

இதுல இன்னொரு வயித்தெரிச்சல், செமஸ்டர் முடிவுல வர்ற ஸ்டூடன்ட் எவால்யூவேஷன். காண்ட்ராக்ட்ல இருக்குறவனுக்கு அடுத்த கிளாஸ் கிடைக்குமாங்குறதே அதை நம்பித் தான். படத்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது, "ஆக்சென்ட் புரியல"ன்னு இருக்கும். வாரா வாரம் எங்கூட வாய் ஓயாம விவாதம் பண்ணவங்களுக்கு டிசம்பர்ல மட்டும் எப்படிப் புரியாமப் போச்சு? டிபார்ட்மென்ட்ல சொன்னா "மெதுவாப் பேசிப் பாருங்க"ங்குறாங்க. வேலை நிரந்தரமான பேராசிரியர்களுக்கு இது அவ்ளோ பெரிய பொருட்டு இல்ல. இதை மாத்தணும்னு பல பேர் எழுதியாச்சு, இங்க யாரும் காதுல போட்டுக்கல.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். பேப்பரை வீட்டுக்குக் கொடுத்து விடாதீங்க, நெட்ல இருக்குற விமர்சனம் தான் திரும்பி வரும். படம் முடிஞ்ச உடனே அங்கயே கையால பத்து நிமிஷம் எழுத வைங்க. 'பாம்பூசில்ட்' 2 மணி நேரம் 15 நிமிஷம் ஓடும், கடைசில பழைய ஹாலிவுட் படங்கள்லயும் கார்ட்டூன்லயும் கருப்பினத்தவரை எப்படியெல்லாம் காட்டினாங்கன்னு வரிசையா கிளிப்பா வரும், பாதில கிளாஸ் டைம் முடிஞ்சா பையைத் தூக்கிட்டு கிளம்பிடுவாங்க, அதனால ஈவினிங் ஸ்லாட்டா பாத்து வாங்கிடுங்க.