நுரையீரலில் வைத்த தங்கக் குறி நகருமா? கேள்வி பதில்

கதிர்வீச்சுப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை செய்கிறேன். நுரையீரல் கட்டிக்கு வைக்கும் தங்க மார்க்கர் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அப்பாவுக்கு எதற்கு சார் தங்கம் வைக்கிறார்கள்?

நுரையீரலின் கீழ் மடலில் இருக்கும் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் 1, 2 செ.மீ. கூட ஏறி இறங்கும். எக்ஸ்ரேயில் கட்டி மங்கலாகத்தான் தெரியும், தங்கம் பளிச்சென்று தெரியும். குருணை அரிசி அளவுதான்: 1 மி.மீ. தடிமன், 3 முதல் 5 மி.மீ. நீளம். சைபர்நைஃப் போன்ற கதிர்வீச்சுக் கருவிகள் அதைப் பார்த்துக் கட்டியைப் பின்தொடரும்.

வைத்த பிறகு ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடாதா?

பயம் புரிகிறது. ஆனால் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். மார்க்கரை வைக்க ஊசி போன வழியில் கொஞ்சம் வீக்கமும் ரத்தக்கசிவும் இருக்கும். அது வடியும்போது மார்க்கரும் இடம் மாறலாம். மறுநாளே சி.டி. எடுத்துத் திட்டம் போட்டு, அப்புறம் மார்க்கர் நகர்ந்தால், கதிர் மார்க்கரைத்தான் துரத்தும், கட்டியை அல்ல. ஒரு வாரத்தில் கட்டி பெரிதாக மாறிவிடாது.

அம்மாவுக்கு 4 வைத்தார்கள், இப்போது 3தான் தெரிகிறதாம். எங்கே போயிருக்கும்?

மூச்சுக்குழாய் வழியாக வைத்திருந்தால், பெரும்பாலும் இருமலில் வெளியே வந்திருக்கும், அல்லது விழுங்கியிருப்பார். அதனால் கெடுதல் இல்லை. வழுவழுப்பான விதை வடிவ மார்க்கர் இப்படி நழுவும். சுருள் வடிவ மார்க்கர் திசுவைக் கவ்விக்கொள்ளும் என்பதால், மூச்சுக்குழாய் வழியாக வைப்பதானால் என் ஓட்டு சுருளுக்கே.

கூடுதலாக வைப்பதே இதற்காகத்தான். ஒவ்வொரு நாளும் திரையில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும் மார்க்கர்களின் இடைவெளியை சி.டி.யோடு ஒப்பிடுவோம். ஒன்று மட்டும் ஒத்துவராவிட்டால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். 3 இருந்தால் கட்டி இருந்த இடத்திலேயே கொஞ்சம் சுழன்றிருந்தாலும் தெரியும். ஒன்றே ஒன்று மிஞ்சினால் அது தெரியாது; மறுபடி வைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

இருமலை அடக்கிக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இருமல் அதிகமென்றால் வைப்பதற்கு முன்பே சொல்லுங்கள், மருந்து தருவார்கள். திடீரென்று நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். நெஞ்சு வழியாக ஊசி போட்டவர்களுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிந்ததும் எடுத்துவிடுவார்களா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

மார்க்கரை எடுப்பதில்லை, அப்படியே இருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.