உங்கள் எதிரிகளுக்கு உடம்பு சரியில்லையாமே

அன்புள்ள ஐயா,

வேலை மாற்றலாகி லக்னோ வந்திருக்கிறேன். இந்தி ஓரளவு வரும். போன வாரம் ராத்திரி சௌக் பஜாரில் ஒரு துணிக்கடையில் சிகன் எம்பிராய்டரி போட்ட குர்தா பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் 'துகான் படா ரஹே ஹைன்' என்றார். கடையைப் பெரிதாக்குகிறார் போல என்று வாழ்த்துச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார். அப்புறம் நான் காய்ச்சலில் படுத்தபோது வீட்டுச் சொந்தக்காரப் பெரியவர் வந்து, 'சுனா ஹை, ஆப்கே துஷ்மனோன் கீ தபியத் நாசாஸ் ஹை' என்கிறார். என் எதிரிகளுக்கு உடம்பு சரியில்லையாம்! இந்த ஊர் மரியாதையெல்லாம் வெறும் பூச்சுதானா? நேராகவே பேச மாட்டார்களா?

ஒரு வாசகர், லக்னோ

அன்புள்ள நண்பருக்கு,

அப்படியொரு பெரியவர் வாய்த்தது உங்கள் அதிர்ஷ்டம். அந்த வாக்கியத்தை இப்போது வயதானவர்கள் வாயில்தான் கேட்க முடியும். நோயையும் உங்களையும் சேர்த்துச் சொல்ல அவருக்கு நாக்கு கூசுகிறது, அதனால் காய்ச்சலைத் தூக்கி இல்லாத எதிரியின் தலையில் போட்டுவிட்டு உங்களைப் பார்க்க வந்திருக்கிறார்.

கடைக்காரர் சொன்னதும் அதே வழிதான், கடையை மூடப்போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். 'துகான் பந்த் ஹோ கயீ', கடை மூடியாச்சு, என்றால் வியாபாரம் நொடித்துப்போனது என்றும் ஆகிவிடும். நம் ஊரிலும் 'கடையை மூடிட்டான்' என்றால் காதில் அப்படித்தானே விழுகிறது? தினமும் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது அந்த வார்த்தையை எந்த வியாபாரிக்குச் சொல்ல மனம் வரும்? ஆகவே 'படானா', அதாவது வளர்ப்பது, பெருகச்செய்வது. 'கர் கா சிராக் புஜ் கயா', வீட்டு விளக்கு அணைந்தது, என்றால் அந்த வீட்டுப் பிள்ளை போய்விட்டான் என்று அர்த்தம், அதனால் பழைய ஆட்கள் விளக்கையும் 'புஜா தோ', அணைத்துவிடு, என்று சொல்லாமல் 'படா தோ' என்பார்கள். சாப்பாடு முடிந்து விரிப்பை எடுப்பதும் 'தஸ்தர்க்வான் படானா'தான், சோறு தீர்ந்தது என்ற நினைப்பே அந்த வீட்டில் எழக்கூடாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'டண்டா கர்னா', குளிரவைப்பது. முஹர்ரம் பத்தாம் நாள் தாஜியாக்களை, அதாவது இமாம் ஹுசைன் சமாதியின் மாதிரி வடிவங்களை, ஊர்வலமாகக் கர்பலா என்கிற அடக்க இடத்துக்கு எடுத்துப் போகிறார்கள், உங்கள் ஊரிலேயே தால்கடோரா கர்பலா இருக்கிறது. அங்கே அவற்றை மண்ணுக்குள் வைப்பதைப் 'புதைத்தோம்' என்று சொல்ல மாட்டார்கள், தாஜியாவைக் குளிரவைத்தோம் என்பார்கள். முஹர்ரம் என்கிற அந்தத் துக்க மாதம் பிறந்ததும் பெண்கள் வளையலைக் கழற்றுவதற்கும் இதே சொல்தான். இதைக் கேட்டதும் உங்கள் பாட்டி ஞாபகம் வரவில்லையா? விளக்கை அணை என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் விடுவார்களா? 'மலையேத்து'ன்னு சொல்லு, 'குளிரவை'ன்னு சொல்லு என்று அதட்டுவார்கள். லக்னோக்காரர்களுக்கும் நமக்கும் பயம் ஒன்றுதான், வாயிலிருந்து விழுந்த சொல் பலித்துவிடும் என்ற பயம்.

பூச்சு இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தன் வீட்டைக் 'கரீப்கானா', ஏழையின் வீடு, என்பதும் எதிரில் இருப்பவர் வீட்டைத் 'தௌலத்கானா', செல்வ மாளிகை, என்பதும் தர்பார் நடை, சொல்பவரும் கேட்பவரும் அதை அப்படியே நம்புவதில்லை. அது போட்டுக்கொள்ளும் நகை. 'படானா' வேறு ரகம். அதை எந்த தர்பாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, பெட்டிக்கடைக்காரரும் சொல்வார், மிட்டாய்க் கடைக்காரரும் சொல்வார், இந்து முஸ்லிம் என்ற வித்தியாசம் கிடையாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போலி என்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பெரியவர் உங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் அப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிறார்.

சரி, இனி கடைக்காரர் அப்படிச் சொன்னால் எடுத்ததற்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள், பாவம், அவரும் வீட்டுக்குப் போகவேண்டும். பெரியவருக்கு 'ஆப்கீ துவா ஹை', எல்லாம் உங்கள் ஆசீர்வாதம், என்று பதில் சொன்னால் போதும். உடம்பு தேறியதும் ஒரு சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து இந்த மாதிரிப் பேச்சு இன்னும் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டதை எழுதிவைத்து எனக்கும் அனுப்புங்கள்.