வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: நடிகவேளின் மேடை

கேள்வி: எம்.ஆர். ராதா என்றதும் எல்லோரும் ‘ரத்தக்கண்ணீர்’ படத்தைத்தான் சொல்கிறார்கள். அவரைத் திரைப்பட நடிகர் என்பதா, நாடக நடிகர் என்பதா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: நாடக நடிகர் என்றே நான் சொல்வேன். சிறுவனாக வீட்டைவிட்டு வெளியேறி, ஜெகந்நாதய்யரின் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவில், தொழில் கற்றவர் அவர். 1937-இல் ‘ராஜசேகரன்’ படத்தின் மூலம் திரைக்கு வந்தும், சில படங்களோடு அதை விட்டுவிட்டு நாடகத்துக்கே திரும்பினார். திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ ஊர் ஊராக மேடையேறிப் பெயர் பெற்ற பிறகுதான், 1954-இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று. அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பின்னும் அவர் உடனே ஸ்டூடியோக்களில் தங்கிவிடவில்லை. 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ வந்த பிறகே திரையில் அடிக்கடி தோன்றலானார்.

படத்தைக் கூர்ந்து பார்த்தால் மேடை தெரியும். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய செல்வந்தன் மோகன், தாசி காந்தாவிடம் பொருளை இழந்து, தொழுநோயாளியாகித் தெருவுக்கு வந்த பிறகு பேசும் வசனங்களில், ஒரே வாக்கியத்துக்குள் குரல் அடித்தொண்டைக்கு இறங்கிக் கரகரத்து, அடுத்த சொல்லிலேயே கீச்சென்று உச்சத்துக்கு ஏறுகிறது. எதிரில் நிற்கும் பாத்திரத்திடம் பேசுவதாகத் தொடங்கும் கிண்டல், பாதி வழியில் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நம்மை நோக்கித் திரும்பிவிடுகிறது. அன்றாடச் செய்திகளை நாடகத்துக்குள் இழுத்து, எழுதப்படாத வசனத்தை அப்போதைக்கப்போது பேசிப் பழகிய நாவுக்கு மட்டுமே இது வாய்க்கும். அவர் இல்லாத காட்சிகளில் படம் தளர்ந்துபோகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாவுக்கு அரசாங்கமும் அஞ்சியது. பெரியாரின் கொள்கைவழி நின்று ராமாயணத்தை அவர் மேடையில் விமர்சித்த காலத்தில்தான், நாடகங்களைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் 1954-இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்டது. ஒரு நடிகரை மனத்தில் வைத்து ஒரு சட்டம் என்றால், அதைவிடப் பெரிய விருது எது?

கேள்வி: வில்லனாக நடித்தவருக்கு நகைச்சுவை எப்படிப் பொருந்தியது? (வாசகி, தேனி)

பதில்: அவருடைய வில்லன்களே நகைச்சுவைக்காரர்கள்தாம். ‘பாவமன்னிப்பு’ படத்தின் தீயவனை வெறுத்துக்கொண்டே சிரிக்கிறோம். ‘பலே பாண்டியா’வில் சிவாஜி மூன்று வேடங்களிலும் ராதா இரண்டு வேடங்களிலும் வருகிறார்கள்; ‘நீயே உனக்கு என்றும் நிகரானவன்’ பாட்டில் கண்ணை சிவாஜியிடமிருந்து சற்று விலக்கி ராதாவின் முகத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கு அவருடைய கலை வாழ்க்கையை முடித்துவிட்டதா? (வாசகர், ஈரோடு)

பதில்: முறித்தது, முடிக்கவில்லை. 1967 ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் நடந்த அந்தச் சம்பவத்தில் இருவருமே குண்டுக் காயம் பட்டுப் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போயிற்று. ராதா சிறைக்குச் சென்றார். கைநிறையப் படங்கள் வைத்திருந்தவருக்கு அந்த ஆண்டுகள் பேரிழப்பு. விடுதலைக்குப் பிறகு மீண்டும் நாடகம் போட்டார். ‘சமையல்காரன்’ போன்ற சில படங்களிலும் நடித்தார். 1979 செப்டம்பர் 17-ஆம் தேதி திருச்சியில் காலமானார். அன்று பெரியாரின் நூறாவது பிறந்த நாள்.