பொறியியல் கேள்வி–பதில்: முதலில் எண்ணை எழுது, பிறகு கணினியைத் திற

கேள்வி: புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று மூத்தவர்கள் குறைப்படுகிறார்கள். உண்மையிலேயே அப்படியா?
(வடிவமைப்புப் பிரிவு மேலாளர்)

பதில்: சூத்திரம் தெரியாமல் இல்லை. கேட்டால் ஒப்பிப்பார்கள். கணினி தரும் விடை தப்பாக இருந்தால் அது உறுத்துவதில்லை, அங்கேதான் குறை.

நொடிக்கு 10 லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற எவ்வளவு சக்தி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 10 × 9.81 × 30 என்றால் 2,943 வாட். பம்பின் திறன் 60 விழுக்காடு என்று வைத்தால் அதைச் சுழற்றும் தண்டில், அதாவது ஷாஃப்டில், சுமார் 4.9 கிலோவாட். 5.5 கிலோவாட்டுக்குக் கீழே மோட்டார் பேச்சே இல்லை. குழாய் உராய்வைச் சேர்த்தால் இன்னும் ஏறும். நொடிக்கு லிட்டர் என்று கொடுக்க வேண்டிய கட்டத்தில் மணிக்குக் கனமீட்டர் என்று அலகு இருந்ததைக் கவனிக்காமல் அதே 10ஐப் போட்டவருக்கு 1.4 கிலோவாட் என்று வரும். அதை அச்செடுத்துக்கொண்டும் வந்து நிற்பார்.

இதற்கு மருந்து, மென்பொருளைத் திறப்பதற்கு முன் எதிர்பார்க்கும் விடையை அலகோடு நோட்டில் எழுத வைப்பது. ‘சில கிலோவாட்’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். ஓர் எண் வேண்டும். கணினி விடை அதிலிருந்து கால் பங்குக்கு மேல் விலகினால், காரணம் தெரியாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. முதலில் எழுதிய எண்ணை அழிக்கவும் கூடாது. அந்தத் தப்புகளின் வரிசைதான் அவருக்கு எதில் பயிற்சி தேவை என்பதைக் காட்டும்.

கேள்வி: எங்கள் இளைஞர்கள் தகைவுப் பகுப்பாய்வின் (பொருளுக்குள் ஒவ்வொரு சதுர மி.மீ.யிலும் எவ்வளவு விசை என்று காட்டும் கணினிக் கணக்கின்) வண்ணப் படங்களோடு வருகிறார்கள். எனக்கு அந்த மென்பொருள் பழக்கமில்லை. எப்படிச் சரிபார்ப்பது?
(மூத்த பொறியாளர், ஓய்வுக்கு அருகில்)

பதில்: மென்பொருள் தெரியாதது இங்கே உங்களுக்கு இடைஞ்சலே இல்லை. ஒரு சின்னக் கணக்கைக் கொடுங்கள்: 50 × 50 மி.மீ. எஃகுச் சட்டம், 1 மீட்டர் நீளம், ஒரு முனை இறுகப் பிடித்திருக்கிறது, மறுமுனையில் 500 நியூட்டன். கைக்கணக்கில் முனைத் தொய்வு 1.6 மி.மீ., பிடிமானத்தில் வளைவுத் தகைவு சதுர மி.மீ.க்கு 24 நியூட்டன். இதே சட்டத்தை அவர் மென்பொருளில் போடட்டும்.

முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, பிடிமானத்தின் எதிர்விசையை. 500 நியூட்டன் வர வேண்டும். 690ஐ ஒட்டி வந்தால் சட்டத்தின் சுயஎடை, அதாவது ஏறக்குறைய 19.6 கிலோ, சேர்ந்திருக்கிறது. அதை அவரே கண்டுபிடித்துச் சொல்கிறாரா என்று பொறுத்துப் பாருங்கள். அடுத்தது தொய்வு. 1.6க்கு வெகு குறைவாக வந்தால், பெரும்பாலும் சட்டத்தைச் சின்னத் துண்டுகளாக (எலிமென்ட்) பிரிக்கும்போது, அதாவது மெஷ் செய்யும்போது, அதன் உயரத்துக்கு ஒரே ஒரு நேரியல் நான்முகி எலிமென்ட், அதாவது பக்கங்கள் நேராகவே இருக்கும் நான்குமுகத் துண்டு, போட்டிருப்பார். அந்த வகை எலிமென்ட் வளைவில் இல்லாத விறைப்பைக் காட்டும். பக்கங்கள் வளையக்கூடிய இருபடி எலிமென்டுக்கு மாற்றச் சொன்னால் விடை தானாக 1.6க்கு வந்துவிடும்.

கடைசியாக, மெஷ்ஷை இரண்டு முறை நுணுக்கச் சொல்லுங்கள். தொய்வு ஓர் எண்ணில் நிலைத்துவிடும். பிடிமானத்தின் விளிம்பில் தகைவு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும். அது நிஜமான தகைவு அல்ல. இம்மியும் அசையாத பிடிமானம் என்று மாதிரியில் கொடுத்ததன் விளைவு. கூர்மையான உள்மூலைகளிலும் இதே கதைதான். சிவப்பாகத் தெரிந்த இடத்திலெல்லாம் தகட்டைத் தடிமனாக்கும் பழக்கம் இந்த ஒரு பயிற்சியோடு நின்றுவிடும்.

கேள்வி: வடிவமைப்புப் பொறியாளரைப் பட்டறையில் எத்தனை மாதம் வைப்பது?
(பயிற்சி ஒருங்கிணைப்பாளர்)

பதில்: மாதக் கணக்கில் பயனில்லை. ஓரமாக நின்று ஆறு மாதம் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. தன் கையால் முடிக்க வேண்டிய வேலைகளை வைத்து அளவிடுங்கள்.

ஒரு பேரிங் மாற்றும் வேலையே நிறையச் சொல்லிக்கொடுக்கும். பேரிங்கின் மேல் உள்ள எண் 6205 என்றால் கடைசி இரு இலக்கம் 05. ஐந்தால் பெருக்க, உள்விட்டம் 25 மி.மீ. ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுத வேண்டும். பேரிங்கை 30லிருந்து 110 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் துளை எவ்வளவு விரியும் என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும்: சுமார் 0.024 மி.மீ. இறுக்கம், அதாவது துளையைவிட ஷாஃப்ட் பெரிதாக இருக்கும் அளவு, அதைவிடக் குறைவு என்றால்தான் பேரிங் கையாலேயே ஏறும். 120ஐத் தாண்டக் கூடாது. கிரீஸ் அடைத்து மூடிய பேரிங்குக்கு 80 டிகிரிதான் வரம்பு.

சூடாக்கச் சோம்பி வெளிவளையத்தில் சுத்தியால் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகவே உள்வளையத்துக்குப் போகும். குண்டுகள் ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். அன்றைக்கு நன்றாகவே ஓடும், சத்தம் வருவது பிறகுதான். அதற்குள் பழி கிரீஸ் மீது விழுந்திருக்கும்.

ஏற்றியதோடு விடாமல் கழற்றவும் வையுங்கள். பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரின் நகம் பிடிக்க இடமில்லாத ஷாஃப்டோடும், ஸ்பேனரைத் திருப்ப இடமில்லாத மூலையில் உள்ள போல்ட்டோடும் மல்லுக்கட்டியவர் தன் வரைபடத்தில் அந்த இடத்தை விடாமல் இருக்க மாட்டார்.

கேள்வி: திட்டினால்தான் பாடம் மனதில் நிற்கும் என்கிறார் எங்கள் மூத்தவர். சரியா?
(பயிற்சிப் பொறியாளர்)

பதில்: சரியில்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை தப்பு செய்யாமல் இருப்பது நிச்சயமில்லை, சொல்லாமல் இருப்பது நிச்சயம். அளவுக்கு மீறி முறுக்கி இழுபட்டுப்போன போல்ட் வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். முறுக்கியவர் வாய் திறந்தால்தான் தெரியும்.

கேள்வி: மூத்தவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் இளையவர் கேள்வி எழுப்பலாமா?
(கட்டமைப்புப் பொறியாளர்)

பதில்: எழுப்பியே ஆக வேண்டும். 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹையாட் ரீஜன்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தனர். மூல வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பி மேல், கீழ் நடைபாதைகள் இரண்டையும் தாங்கியது. கட்டும்போது அது இரண்டு கம்பிகளாக மாறியது. கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்தே தொங்கியது. மாற்றத்தை யாரும் கணக்கிட்டுப் பார்க்காமலே ஒப்புதல் கிடைத்தது.

இரண்டு அமைப்புகளையும் கோட்டுப்படமாகக் கொடுத்து, மேல் உத்திரத்துக்கு அடியிலுள்ள நட்டில் எவ்வளவு சுமை என்று பயிற்சியாளர்களைக் கேளுங்கள். ஒரு நடைபாதையின் பங்கு P என்றால், முன்பு P, மாற்றியபின் 2P. பலர் மேல்கம்பியின் இழுவிசை இரண்டிலும் 2P தானே என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதுவும் சரியான கணக்குதான், ஆனால் பார்க்க வேண்டிய இடம் கம்பி அல்ல, இணைப்பு. கையெழுத்துப் போடுகிற மூத்தவரும் இதே பத்து நிமிடக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா?
(பராமரிப்புப் பிரிவு)

பதில்: மின்சாரத்தில் கூடாது. அங்கே முதல் நாளே சொல்லி, செய்து காட்டி, திரும்பச் செய்ய வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்துத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டெஸ்டரை மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்து அது வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்; அடுத்து, வேலை செய்யப்போகும் முனைகளை ஒவ்வொரு ஜோடியாகவும், ஒவ்வொன்றையும் எர்த்தோடும் சோதிக்க வேண்டும்; மீண்டும் முதல் இடத்துக்கே போய் டெஸ்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். நடுவில் டெஸ்டர் பழுதாகியிருந்தால், உயிருள்ள முனையும் செத்ததாகவே காட்டும்.