‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

கேள்வி: நாகர்கோவிலில் நர்சிங் முடித்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கிறேன். ‘ரன்’ என்ற ஒரே சொல் என்னைப் படுத்தி எடுக்கிறது. ‘ரன் திஸ் பை த டாக்டர்’ என்று சீனியர் நர்ஸ் சொன்னதும், அந்தச் சார்ட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் டாக்டர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது அதுவல்லவாம். இதன் அர்த்தங்களையெல்லாம் மனப்பாடம் செய்ய ஏதாவது வழி உண்டா?

பதில்: மனப்பாடம் வேண்டவே வேண்டாம் சகோதரி. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக இந்தச் சொல்லைப் பிரித்து அடுக்கியபோது, வினைச்சொல்லாக மட்டுமே 645 அர்த்தங்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு இந்த ஒரு சொல்லை முடிக்க ஒன்பது மாதம் பிடித்தது. ரயில், மோட்டார், கம்ப்யூட்டர் என்று புதிது புதிதாக இயந்திரங்கள் வர வர, எல்லாமே ‘ரன்’ ஆனதுதான் அது இப்படிப் பெருத்ததற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதில் ஒரு பங்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நமக்கும் பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. அங்கெல்லாம் ‘ரன்’ போட்டால் சரியாகவே இருக்கும். நமக்கு மூக்கு ஒழுகும், காய்ச்சல் அடிக்கும், கடையை நடத்துவோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ‘ரன்’தான், இங்கேதான் நாம் தடுமாறுகிறோம்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொல்லைப் பிடியுங்கள், பாதி சிக்கல் தீர்ந்துவிடும். ‘ரன் பை’ என்றால் ஒருவரிடம் சொல்லி அவர் கருத்தைக் கேட்பது, அதாவது டாக்டரிடம் அதைக் காட்டி ‘இப்படிச் செய்யலாமா’ என்று கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். ‘ரன் அவுட் ஆஃப் கிளவுஸ்’ என்று காதில் விழுந்தால் கிரிக்கெட்டை மறந்துவிடுங்கள், கையுறை தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான். டியூட்டி மாறும்போது ‘ரன் த்ரூ த பேஷன்ட்ஸ்’ என்றால் நோயாளிகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போவது, அதுவே ‘த டிரிப் ஹாஸ் ரன் த்ரூ’ என்றால் பாட்டில் காலியாகிவிட்டது என்று அர்த்தம். ‘ஐ ஆம் ரன் ஆஃப் மை ஃபீட்’ என்று யாராவது சொன்னால் பாவம், உட்காரக்கூட நேரமில்லாமல் வேலை பார்க்கிறார். ‘ரன் டவுன்’ என்றால் உடம்பு அசந்து கிடக்கிறது.

அர்த்தத்தை மட்டும் தனியாக எழுதி வைக்காதீர்கள். யார், எதைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொன்னார் என்று முழு வாக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயரோ விவரமோ மட்டும் அதில் இருக்கக் கூடாது. வாக்கியமாக மனதில் பதிந்தது, பேசும்போது தானாக வாயில் வரும்.

இன்னொன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மருந்து, டிரிப்ஸ் என்று வந்தால் ஊகம் கூடவே கூடாது. ‘ரன் இட் ஓவர் எய்ட் அவர்ஸ்’ என்றால் அந்தப் பாட்டில் முழுவதும் எட்டு மணி நேரத்துக்குச் சீராக ஏற வேண்டும். கேட்டதும் சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே ‘ஒன் லிட்டர், ஓவர் எய்ட் அவர்ஸ், இஸ் தட் ரைட்?’ என்று அவர்களிடமே திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேண்டாம், அங்கேயே பிறந்து வளர்ந்த நர்ஸ்களும் இப்படித் திருப்பிச் சொல்லித்தான் உறுதி செய்துகொள்கிறார்கள்.