கேட்டு வாங்குங்கள்: புதுப் பூச்சு, புது பெயின்ட்

கேள்வி: பூச்சு முடிந்து பத்து நாள் ஆகிறது. அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். இப்போதே பட்டி பார்த்து எமல்ஷன் பெயின்ட் அடித்துவிடலாமா? (திண்டிவனம்)

பதில்: கூடாது, சுவர் இன்னும் காய்ந்திருக்காது. வெறும் பூச்சுச் சுவரில் மாவிலைத் தோரணம் கட்டினாலும் பால் பொங்கும்.

கேள்வி: ஒரு மாதம் பொறுத்துத்தான் அடித்தோம். ஆனாலும் ஹால் சுவரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. எந்த கம்பெனி பெயின்டுக்கு மாறலாம்? (கும்பகோணம்)

பதில்: எதற்கும் மாற வேண்டாம். பூத்திருப்பது உப்பு. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கரைத்து இழுத்து வரும். ஈரம் ஆவியாகிவிடும், உப்பு பெயின்டுக்கு அடியில் தங்கி அதைத் தள்ளும். ஒரு மாதம், அதாவது 28 நாள் என்பது சிமென்ட் இறுகுகிற கணக்கு; சுவர் காய்கிற கணக்கு அல்ல. ஐப்பசி மழையில் பூசிய சுவரும் சித்திரையில் பூசிய சுவரும் ஒன்றுபோலவா காயும்? ஒரு முழ பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள்; தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். அடிப்பக்கம் மட்டும் என்பதால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா, குழாய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

என் வீட்டில் நான் அப்படிப் பார்க்கவில்லை. 'ஈரம் தாங்கும்' என்று விலை கூடிய பெயின்டை வாங்கிப் படுக்கையறையில் இரண்டு தடவை அடித்தேன். மூன்றாம் மாதம் நகம் பட்டதும் அப்பளமாகக் கழன்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் குழாய்!

கேள்வி: வெள்ளை சிமென்ட் அடித்தால் பெயின்டுக்கு அடியில் பிரைமர் வேண்டாம் என்கிறார் மேஸ்திரி. (தேனி)

பதில்: உள்ளங்கையால் சுவரைத் தேய்த்து, கையில் ஒட்டிய மாவை மேஸ்திரியிடம் காட்டுங்கள். அந்த மாவின் மேல் பெயின்ட் எப்படிப் பிடிக்கும்?

கேள்வி: பெயின்டர் சொன்னபடி வாங்கியதில் 20 லிட்டர் பக்கெட் இரண்டு மிச்சம். கலர் கலந்தாயிற்று, திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். (தாம்பரம்)

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. உங்கள் கலர் வேறு யாருக்கு வேண்டும்? பக்கெட்டைத் திறந்ததும் பெயின்டர் எதைத் தேடுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? டோக்கன். இப்போது சில கம்பெனிகளில் போனில் ஸ்கேன் செய்கிற கியூஆர் கோடு. பக்கெட்டுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் வரும். கூலி வேலைக்காரருக்கு நாலு காசு கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்தக் காசும் நீங்கள் கொடுத்த விலைக்குள்தான் இருக்கிறது. பக்கெட் கூடக்கூட வருமானம் கூடுகிறவரிடமே எத்தனை பக்கெட் என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? டேப்பை எடுத்து நீங்களே அளந்திருக்க வேண்டும். 10க்கு 12 அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழியுங்கள். ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று கம்பெனியே சொல்லியிருக்கும். அது ஒரு கோட் அடிக்கவா, இரண்டு கோட் அடிக்கவா என்று பார்த்து வகுங்கள். கால் மணி நேர வேலை. செல்போன் வாங்க மூன்று நாள் அலைகிறோம்!

கேள்வி: அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். இரண்டு கோட் பட்டி, பிரைமர் என்று முழுப் பணமும் வாங்கிக்கொண்டு ஒரே கோட் பட்டியோடு முடித்துவிட்டார் கான்ட்ராக்டர். வந்த பக்கெட்டுகளும் ஏற்கெனவே திறந்தவை. போனை எடுப்பதில்லை. (சிவகங்கை)

பதில்: அம்மாவைத் திட்டாதீர்கள். நம்பியது குற்றமில்லை. பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, சுவரின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்தக் காலி பக்கெட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லுங்கள்.