பல் எடுக்குமுன் மருந்துச் சீட்டை எடுங்கள்: பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): அப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார். கடைவாய்ப்பல் எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஓஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். அசிட்ரோமை ஐந்து நாள் நிறுத்திவிட்டுப் போகச் சொல்கிறார் ஒரு உறவினர். செய்யலாமா டாக்டர்?

பதில்: இரண்டுமே வேண்டாம். அசிட்ரோமை நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். பல் குழியில் கசிகிற ரத்தத்தைத் தையல் போட்டு, ட்ரானெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கடிக்க வைத்து நிறுத்திவிடலாம். ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முந்தைய நாள் பாருங்கள். 3.5 வரை இருந்தால் ஒன்றிரண்டு பல் எடுக்கத் தடையில்லை.

எனக்குப் பயம் அந்த மாத்திரைதான். அதிலுள்ள இரண்டு மருந்துமே அசிட்ரோமின் வேலையைக் கூட்டிவிடும். பல் எடுத்து மூன்றாம் நாள் ஈறு கசியத் தொடங்கி, ஐ.என்.ஆர். எங்கேயோ போயிருக்கும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுபவராக இருந்தால் ஓஃப்லாக்சசின் சர்க்கரையையும் தடாலென்று இறக்கலாம்.

வால்வில் கிருமி தொற்றாமல் இருக்க அப்பாவுக்கு வேண்டியது வேறு. பல் எடுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மி.கி. கேப்சூல் நான்கு, ஒரே வேளை. அவ்வளவுதான். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முன்பு கிளிண்டாமைசின் எழுதுவோம். அது கடுமையான குடல் தொற்றில் கொண்டுபோய் விடுவதால் அமெரிக்க இதயச் சங்கம் 2021-இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது அசித்ரோமைசின் 500 மி.கி. போன்றவைதான்.

கேள்வி (மதுரை): அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவருக்கும் அந்த 2 கிராம் வேண்டுமா?

பதில்: பொதுவாக வேண்டாம்.

கேள்வி (சேலம்): 62 வயது. பல் நாற்காலி என்றாலே நடுக்கம். இரவில் குறட்டை, நடுவில் மூச்சு நின்று போகிறது என்கிறாள் மனைவி. வீட்டிலேயே ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: கூடவே கூடாது சார். அல்பிரசோலம், டயசிபாம் எல்லாம் தொண்டைத் தசையைத் தளர்த்தும். நாற்காலியில் மல்லாந்து, வாய் நிறையத் தண்ணீரோடு இருக்கும்போது உங்களுக்கு மூச்சு அடைக்கலாம். முகமூடி வழியாகக் கொடுத்துப் பயத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு உள்ள இடமாகப் பாருங்கள்; முகமூடியை எடுத்த சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆனால் சமீபத்தில் விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். நைட்ரஸ் அந்தக் குமிழைப் பெருக்கிப் பார்வையையே பறித்துவிடும்.

மிடசோலம் மயக்க ஊசிதான் என்று முடிவானால் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், அந்த மயக்கத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில், கவனிக்கத் தனியாக ஓர் ஆள், இத்தனையும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். சளிக்காகக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மிடசோலம் மயக்கம் மணிக்கணக்கில் நீளும்.

கேள்வி (கோவை): பல் சுள்ளென்று வலிக்கிறது. வீக்கமில்லை, காய்ச்சலில்லை. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவே இல்லையே?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார். வலி பல்லின் நரம்பில். அதற்கு வேர் சிகிச்சைதான் வழி.

கேள்வி (திருநெல்வேலி): மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெதோட்ரெக்ஸேட். அமாக்சிசிலின் எழுதியிருக்கிறார்கள், சாப்பிடலாமா?

பதில்: சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஆனால் மூட்டு டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மெதோட்ரெக்ஸேட் உடம்பைவிட்டு வெளியேறுவதை அமாக்சிசிலின் தாமதப்படுத்தும். வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் இன்னும் மோசம், பாரசிட்டமால் போதும். நான்கைந்து நாளில் வாயெல்லாம் புண் வந்தால் பல் எடுத்ததால்தான் என்று விட்டுவிடாதீர்கள்; உடம்பில் மெதோட்ரெக்ஸேட் மிஞ்சியதாலும் இருக்கலாம், அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.